ஹாரன் வளையத்தில் ஓர் ஒட்டு

சுருளிவேலைக் கண்டால் போடி ஜீப்பு டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். வழி கேட்டு அடிப்பதில்லை. அவர் எப்போதும் சாக்கடையை ஒட்டித்தான் நடப்பார். பக்கத்தில் வந்ததும் நீளமாக ஒரு அடி, தாண்டிப் போனதும் சின்னதாக இன்னொன்று. உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது ஜீப்பு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏன் என்றே தெரியாது. ‘ஊமை ஹாரன்’ என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பதும், ஆளைப் பார்த்தால் அடிக்க வேண்டும் என்பதும் மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவரும் திரும்பிப் பார்ப்பதை விட்டு வருடக்கணக்காகிறது.

ஒரு காலத்தில் மலைக்குப் போய்வந்த டிரைவர்களில் அவர் பேர் சொல்லும்படி இருந்தவர். சொந்த ஊர் தேவாரம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அதில் விளைந்ததை ஒரு வருடம் மழை கொண்டுபோகும், ஒரு வருடம் யானை கொண்டுபோகும். மீசை முளைக்கும் முன்பே ஜீப்பில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, தோட்டத்துக்கு ஆளேற்றிப் போய்க்கொண்டிருந்தவரை ஒரு ஏலத்தோட்ட முதலாளி தன் காருக்கு வைத்துக்கொண்டார். மலைப்பாதையில் வண்டியேறினாலே வாந்தி எடுக்கிற முதலாளியம்மா, சுருளிவேல் ஓட்டினால் மட்டும் போடிமெட்டு வரை தூங்கிக்கொண்டே வருவார். அது ஒன்றே அவருக்குப் போதுமான சிபாரிசாக இருந்தது.

காரென்றால் அம்பாசடர், மார்க் டூ. முதலாளியின் அப்பா புதிதாக வாங்கியது. வெள்ளை நிறம், முன்னால் பெரிய கிரில், கையில் பிடித்தால் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி அகலமான ஸ்டீரிங். நடுவில் இருக்கும் வட்டத் தட்டை அமுக்கினால் ஹாரன் அடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தட்டுதான் உயிர். மேலே வருகிறவனுக்கும் கீழே இறங்குகிறவனுக்கும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. முதலில் ஹாரன் அடித்தவன் வருவான், கேட்டவன் நிற்பான். அதுதான் அந்த ரோட்டின் சட்டம்.

ஒரு வருடம், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரத்தில், அந்தத் தட்டு மக்கர் செய்யத் தொடங்கியது. நேராக ஓட்டும்போது அடிக்கும். ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தால் அடிக்காது. முதலில் சில நாள் மட்டும் அப்படியும் அடித்தது. சுருளிவேல் முதலாளியிடம் சொன்னார். ஒருதரம் இல்லை, மலை ஏறி இறங்குகிற ஒவ்வொரு தரமும் சொன்னார்.

“அதுக்குன்னு வண்டிய ஒர்க்ஷாப்புல போட்டா நான் நடந்தா போறது? காய் எடுப்பு முடியட்டும்ப்பா. வளைவுல லைட்டப் போட்டுக் காட்டு, போதும்.”

ஒருநாள் நல்ல ஐப்பசி மழை. மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டில் முதலாளி, போடியில் ஏலக்காய் ஏலம் தொடங்கும் முன் போய்ச் சேர வேண்டும் என்று, “வெரசா, வெரசா” என்றபடி வந்தார். மூடுபனி கண்ணாடியை ஒட்டி நின்றது. ஒரு வலது வளைவில் சுருளிவேல் ஸ்டீரிங்கை ஒடித்தார். எதிரே ஒரு மொபெட் ஏறி வந்தது. அதை ஓட்டி வந்தவன் யோகராஜ், குரங்கணிக்காரன். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஹாரன் எதுவும் கேட்காததால் ரோட்டு நடுவில் வந்தான். கார் அவன் மேல் மோதியது. அவன் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சுருளிவேலைப் போலீஸ் அங்கேயே கூட்டிப்போய்விட்டது. மழை கொட்டியதால் காரை மறுநாள் கொண்டுவருவதாக முதலாளி சொல்லி, வீட்டு ஷெட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் ஸ்டேஷனில் வண்டியைச் சோதித்த அதிகாரி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து ஹாரனை அமுக்கிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் கணீரென்று அடித்தது.

“வலது பக்கம் ஒடிச்சா அடிக்காதுங்கய்யா” என்று சுருளிவேல் கோர்ட்டில் சொன்னபோது எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. “அப்ப ஆபீசருக்கு மட்டும் அடிக்குது, உங்களுக்கு அடிக்கல. அப்படித்தானே?” என்று சாவகாசமாகக் கேட்டார். முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, “நான் ஹாரன் சத்தமே கேக்கல. இவர் அடிச்சதாத் தெரியல” என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்ததற்காக ஒரு வருடம் தண்டனை. தீர்ப்பு வாசித்தபோது யோகராஜின் மனைவி பொற்கொடி மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் சுருளிவேலைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயிலில் முதல் சில மாதம் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தட்டை அமுக்கினேன், அது அடிக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தால் அது தேய்ந்து போகிறது. அமுக்கினேனா? லைட்டைப் போட்டேனே, அப்போது கை தட்டில் இருந்ததா, சுவிட்சில் இருந்ததா? ஆபீசர் அமுக்கியபோது எல்லாப் பக்கமும் அடித்ததே? முதலாளி கேட்கவில்லை என்றாரே? வெளியே வரும்போது அவருக்கே நம்பிக்கை போயிருந்தது. ‘நான் மறந்துதான் போயிருப்பேன்’ என்று ஒருநாள் மனைவி தமிழ்செல்வியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “சரி விடுங்க” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்துபோனது.

முதலாளி வேறு டிரைவர் வைத்துவிட்டார். வேறு யாரும் சுருளிவேலை வண்டியில் ஏற்றத் தயாராக இல்லை. அப்போது வலிய வந்து கூப்பிட்டவர் உக்கிரபாண்டி. மூணாறு ரோட்டில் மெக்கானிக் ஷெட்டு வைத்திருந்தவர். சுருளிவேலைவிட நாலைந்து வயது மூத்தவர். அதுவரை இருவருக்கும் முகப் பழக்கம் மட்டும்தான்.

“சும்மா வீட்ல குந்தியிருந்தா புத்தி கெட்டுப்போகும். நம்ம ஷெட்டுக்கு வா. பிரேக்கு, கிளட்சுன்னு ஏதாச்சும் பாரு” என்றார். சுருளிவேல் அவர் காலில் விழப் போனார். உக்கிரபாண்டி பதறிப்போய் விலகிக்கொண்டார்.

அதிலிருந்து இருபது வருடத்துக்கும் மேல் அந்த ஷெட்டில்தான் பிழைப்பு. உக்கிரபாண்டியின் நல்ல மனசைச் சுருளிவேல் போகிற இடமெல்லாம் சொல்வார். தீபாவளிக்கு வேட்டி, தமிழ்செல்விக்கு ஆபரேஷன் நடந்தபோது கூடவே ஆஸ்பத்திரியில் நின்றது, ஷெட்டுக்கு வருகிற எவனாவது ‘ஊமை ஹாரன்’ என்று வாயெடுத்தால் அவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து விரட்டுவது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்பது சுருளிவேலின் வாய்ப்பாடு.

போன வருடம் மாசி மாதம் ஒரு காலையில், அந்த வெள்ளை அம்பாசடரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு முதலாளியின் மகன் ராஜ்கமல் வந்து இறங்கினான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் தோட்டத்தைப் பார்க்க வந்தவன். பழைய கார்களுக்கு மதுரையில் ஊர்வலம் நடக்கப் போகிறதாம். அதற்கு இந்தக் காரைத் தயார் செய்ய வேண்டும்.

“பூப்பாறையில ஒரு மெக்கானிக் சேட்டன்கிட்டக் காட்டுனேன். இது நம்மால சரியாவாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு” என்று சிரித்தான். “இஞ்சின் ஓடுதுண்ணே. முக்கியமா ஸ்டீரிங்கையும் ஹாரனையும் மாத்தணும்.”

ஸ்டீரிங் வெடித்து, மேலே யாரோ நைலான் ஒயர் சுற்றியிருந்தார்கள். ஹாரன் இரைப்புக்காரன் இருமுவது மாதிரி அடித்தது. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடை ஒன்றில் தேடி, அந்தக் காலத்துத் தந்த நிற ஸ்டீரிங் ஒன்றும், ஜோடி ஹாரனும் வாங்கி வந்திருந்தான். துணியைப் பிரித்து அவற்றைக் குழந்தையைக் காட்டுவது மாதிரி காட்டினான்.

சுருளிவேல் கதவோரம் நின்று காரைப் பார்த்தார். அருகில் போகவில்லை. உக்கிரபாண்டி சட்டென்று இடையில் வந்தார்.

“இத நான் பாத்துக்கிறேன். நீ அந்த ஜீப்புல பிரேக்கப் பாரு, சுருளி.”

தன் மனது தெரிந்து இப்படி விலக்கிவிடுகிறாரே என்று சுருளிவேல் நினைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போய்த் தமிழ்செல்வியிடம் அதையும் சொன்னார்.

ஆனால் உக்கிரபாண்டி அந்தக் காரில் கை வைக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஊர்வல நாள் நெருங்கியது. ஒருநாள் தேவாரத்தில் சம்பந்தி வீட்டில் ஒரு சாவு என்று அவர் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் ராஜ்கமல் வந்து நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது.

“என்னண்ணே, இன்னும் ஸ்டீரிங்கக்கூடக் கழட்டலையா? நீங்களாச்சும் கழட்டி வைங்கண்ணே. ஹாரன் ஒயர் எப்படிப் போகுதுன்னு போட்டோ எடுத்துக் கடைக்காரனுக்கு அனுப்பணும். சாயங்காலம் வர்றேன்.”

அவனுக்குச் சுருளிவேல் யார் என்று தெரியுமா தெரியாதா என்பதே பிடிபடவில்லை. அந்த விபத்து நடந்தபோது அவனுக்குப் பத்து வயதுகூட இருந்திருக்காது. கொடைக்கானலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். “சரி தம்பி” என்றார்.

உள்ளே ஏறி உட்கார்ந்ததும் சீட்டின் பள்ளம் அவருக்குப் பழக்கமாக இருந்தது. முன்சக்கரங்களை நேராக வைத்தார். நடுத்தட்டை நெம்பி எடுத்தார். அடியில் இருந்த பெரிய நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, ஸ்பானர் போட்டுத் திருப்பினார். பிறகு புல்லரை மாட்டி இழுத்ததும், ஸ்டீரிங் ஒரு முனகலோடு கையோடு வந்தது.

அதன் அடிப்பக்கம் ஒரு பித்தளை வளையம். ஸ்டீரிங் சுற்றும்போது அந்த வளையமும் சுற்றும். கீழேயிருந்து ஒரு ஸ்பிரிங் முனை அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தொட்டால்தான் ஹாரனுக்குக் கரண்டு. வளையத்தின் ஒரு பக்கத்தில் விரற்கடை நீளத்துக்கு நிறம் வேறாக இருந்தது. துணியால் துடைத்தார். வளையம் அந்த இடத்தில் உடைந்து விட்டுப்போயிருந்தது. இடைவெளியை மூடி வேறொரு பித்தளைத் துண்டை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஸ்டீரிங்கைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, வலது பக்கம் மெதுவாக ஒடித்துப் பார்த்தார். முழுக்க ஒடித்தபோது ஸ்பிரிங் முனை சரியாக அந்த ஒட்டுக்கு வந்து நின்றது.

சுருளிவேலின் கண்ணில் நீர் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவருக்குச் சிரிப்பும் வந்தது. அடிக்கவில்லை. அடித்திருக்கவே முடியாது. நான் அமுக்கினேன், அது அடிக்கவில்லை. ஷெட்டில் ஆளில்லாததால் சத்தமாகவே சொன்னார்: “நான் அமுக்குனேன்.”

அப்புறம்தான் ஒயரைப் பார்த்தார். பழைய ஒயரோடு வேறு நிற ஒயர் ஒன்று முறுக்கி இணைக்கப்பட்டிருந்தது. இணைப்பின் மேல் டேப் இல்லை. சைக்கிள் டியூபை நாடா மாதிரி மெல்லிசாக அறுத்துச் சுற்றி, செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

போடியில் ஒயர் இணைப்பை அப்படிக் கட்டுகிறவர் ஒரே ஆள்தான். ‘டேப்பு வெயிலுக்கு இளகிரும், டியூபு ஆயுசுக்கும் நிக்கும்’ என்று அவர் சொல்லிச் சொல்லியே சுருளிவேலும் அந்த மாதிரிக் கட்டப் பழகியிருந்தார். அந்த ஷெட்டின் ஆணியில் அப்போதும் அறுத்த டியூப் நாடாக்கள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் காரைவிட்டு இறங்கவில்லை. ராஜ்கமலுக்குப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்பதும் மறந்துபோனது. வெயில் சாய்கிற நேரத்தில் உக்கிரபாண்டி சாவு வீட்டிலிருந்து ஈரத் துண்டோடு வந்தார். காரின் கதவு திறந்திருப்பதையும், சுருளிவேல் மடியில் ஸ்டீரிங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்ததும் நடை தளர்ந்தது. ஒரு டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“எப்ப பண்ணுனது, அண்ணே?” என்றார் சுருளிவேல்.

உக்கிரபாண்டி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். “அன்னைக்குச் சாயங்காலந்தேன். மொதலாளி ஆளனுப்பிக் கூப்புட்டாக. ஹாரன் மக்கர் பண்ணுது, பாருன்னாக. பாத்தேன்.”

“ஆக்சிடெண்டு வண்டின்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“கோர்ட்டுல நான் கத்துனது தெரியும்ல?”

“என்னைய யாராச்சும் சாட்சிக்குக் கூப்புட்டாகளா? ரிப்பேருன்னாக, ரிப்பேரு பண்ணுனேன். மெக்கானிக்குக்கு அதான சோலி.” குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. “அப்ப நான் ஷெட்டு போட்ட புதுசு. தோட்டத்து வண்டியெல்லாம் அவுக சொன்னாத்தேன் என்கிட்ட வரும். நான் வாயத் தொறந்திருந்தா எந்திரிச்சிருக்கவே முடியாது.”

“அதுக்குப் பதிலா நான் போயி உக்காந்துட்டு வந்தேன்.”

“வந்தப்புறம் உன்னை விட்டேனா? ஊரே ஒதுக்குனப்ப யாரு கூப்புட்டது? இத்தன வருசம் யாரு சோறு போட்டது? சொல்லு.”

சுருளிவேலுக்குத் தீபாவளி வேட்டிகள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கூடவே நின்றது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊரெல்லாம் இந்த ஆளின் நல்ல மனசைச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது. இடுக்கியை எடுத்து ஒயரின் இணைப்பை இரண்டு பக்கமும் வெட்டினார். வளையத்தைத் திருகி எடுத்தார். இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எங்க போற?”

அவர் வாசலைத் தாண்டும்போது ராஜ்கமல் எதிரே வந்தான். சுருளிவேல் அவனை நிறுத்தி, ரோட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். வளையத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு வருத்தம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

“எனக்கு இது தெரியாதுண்ணே. உண்மையிலேயே தெரியாது. ஆனா இப்ப நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அப்பாவுக்கு என்னையே அடையாளம் தெரியல. சாப்பாடு ஊட்டுற அம்மாவ யாருன்னு கேக்குறாரு. அவருகிட்டப் போயி எதக் கேக்குறது?” வளையத்தைத் திருப்பிக் கொடுத்தான். “கேசு முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சு. பழைய சாமானெல்லாம் நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்கு வேண்டாம்.”

வீட்டில் அவர் தமிழ்செல்வியிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் வேறு என்று தோன்றியது. கோர்ட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டேயிருந்த அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத் தான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று தெரிந்தால் போதும். அந்த ஆள் அவளாக இருக்க வேண்டும்.

பொற்கொடி குரங்கணியைவிட்டுப் போடிக்கே வந்து, ஏலக்காய் தரம் பிரிக்கிற கூடம் ஒன்றில் வேலை பார்த்து வந்தாள். மகள் படித்து, கல்யாணமாகித் தேனியில் இருந்தாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுருளிவேல் அந்தக் கூடத்தின் வாசலுக்குப் போனார். காய் வாசனை தெருமுனை வரை அடித்தது. பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

“என்ன இம்புட்டுத் தூரம்?” என்று மரியாதையாகவே கேட்டாள்.

அவர் பையிலிருந்து வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் ஒடித்தால் ஹாரன் அடிக்காமல் போனதை, சாயங்காலமே ரிப்பேர் பார்த்து மறுநாள் அதிகாரியிடம் காட்டியதை, ஒட்டை, டியூப் நாடாவை, எல்லாவற்றையும் சொன்னார். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததால் தடுமாறாமல் வந்தது.

“நான் அமுக்குனேன், தாயி. அது அடிக்கல. நான் அசால்ட்டா இருக்கல. அத உங்ககிட்டச் சொல்லணும்னுதேன் வந்தேன்.”

பொற்கொடி வளையத்தைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

“இது கெட்டுப்போனது அன்னைக்குத்தேன் உங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல தாயி. காய் எடுப்பு ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்படித்தேன். மொதலாளிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவுகதேன்...”

“அப்ப ஹாரன் அடிக்காதுன்னு தெரிஞ்சேதேன் எடுத்துட்டு வந்தீகளா?”

சுருளிவேல் உள்ளங்கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார்.

“அந்தப் பனியில, அந்த வளைவுல, இது அடிக்காதுன்னு தெரிஞ்சே எறங்குனீக.”

“வேலைக்காரன், தாயி. எடுன்னா எடுக்கணும்.”

“எறங்கி முன்னால நடந்து கையக் காட்டியிருக்கலாம்ல. ஜீப்புல கிளீனர்மாருக செய்யிறாகல்ல. மாட்டேன்னு சாவியக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. வேப்பமரத்தடியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. “ஒரு நிமிசம் மறந்துட்டாரு, மனுசன்னா மறக்கத்தேன் செய்வாகன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரரும் எல்லாத்தையும் மறக்குற ஆளுதேன். அப்படி நெனச்சு நெனச்சுத்தேன் உங்க மேல இருந்த ஆத்தரம் போச்சு. எம்மக கேட்டப்பகூட, அவரு பாவம்டி, மறந்துட்டாருன்னுதேன் சொல்லி வளத்தேன்.”

அவர் அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது. பெண்கள் தூக்குச்சட்டியை மூடி எழுந்தார்கள்.

“இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம்” என்றாள் பொற்கொடி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு உள்ளே போனாள்.

பிறகு இரண்டு நாள் சுருளிவேல் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று தமிழ்செல்வியிடம் சொல்லிச் சுருண்டு படுத்திருந்தார். படுத்தபடி அந்த ரோட்டை நினைத்துப் பார்த்தார். முன்னால் இறங்கி நடந்திருக்கலாம் என்பது இத்தனை வருடத்தில் ஒருதரம்கூடத் தனக்குத் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. ஜெயிலில் எத்தனை விதமாகவோ அந்த வளைவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அமுக்கினேனா, அமுக்கவில்லையா என்பதிலேயே நின்றுவிட்டார். எல்லாவற்றிலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்திவிட்டு இறங்கின மாதிரி ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கே போனார். அறுபது வயதுக்கு மேல் அவரை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? அம்பாசடர் நின்ற இடம் காலியாக இருந்தது. உக்கிரபாண்டியே புது ஸ்டீரிங்கையும் ஜோடி ஹாரனையும் மாட்டி அனுப்பியிருந்தார். ஒரு ஜீப்பின் அடியில் இருந்து அவர் தலையை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து, கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

“அந்தப் புள்ளையப் பாக்கப் போனியாமே?”

“போனேன்.”

“என்ன சொல்லுச்சு?”

அவர் முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லித் தூற்றினாளா, வழக்கு கிழக்கு என்று கிளம்புவாளா என்கிற பயம். அதைத் தீர்த்து வைக்கச் சுருளிவேலுக்கு மனம் வரவில்லை. பொற்கொடி கேட்டதைச் சொன்னால், உக்கிரபாண்டி நிம்மதியாக மூச்சு விடுவார். ‘பாத்தியா, நான் மட்டுமா?’ என்பார். அதைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

“ஒண்ணும் சொல்லல” என்றார்.

உக்கிரபாண்டி மேற்கொண்டு கேட்காமல் ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். சுருளிவேல் ஓரமாகக் கிடந்த பிரேக் டிரம்மை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் அப்பியிருந்த மலைச் செம்மண்ணை ஸ்குரூ டிரைவரால் சுரண்டத் தொடங்கினார்.